ஓடாத நேரத்தில் தேயும் ஷூ

திருவண்ணாமலையில் உடற்கல்வி ஆசிரியர்களும் ஓட்டப் பயிற்சி பெறும் இளைஞர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஓடுகிற ஷூவை நீண்ட நாள் உழைக்க வைப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் ஒரு விஷயமா என்று யாருக்காவது தோன்றினால், இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கும் ஒரு பையனின் வீட்டில், நல்ல ஷூ ஒரு ஜோடி என்பது அப்பாவுடையதோ அம்மாவுடையதோ பல நாள் கூலி. அது போய்விட்டால் அடுத்தது உடனே வராது. போனதையே மாட்டிக்கொண்டு ஓடுவான். முன்னங்கால் எலும்போரம் வலி தொடங்கும். வலியைச் சொன்னால் பயிற்சியை நிறுத்தச் சொல்வார்களோ என்று சொல்லாமல் ஓடுவான். தேர்வு நெருங்கும்போது உட்கார்ந்துவிடுவான். இப்படி உட்கார்ந்துபோன பிள்ளைகளை இங்கிருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நான் காலணித் தொழிலில், அதிலும் சோல் செய்கிற பக்கத்தில் வேலை பார்த்தவன். அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நம் ஊரில் ஷூ ஓடிக் கெடுவதைவிட ஓடாத நேரத்தில் கெடுவதே அதிகம். ஒரு நாளில் நீங்கள் ஓடுவது ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் அந்த ஷூ எங்கே கிடக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வேறு எங்கெல்லாம் போகிறீர்கள், எப்படிக் கழற்றுகிறீர்கள், எங்கே காயவைக்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் ஆயுளில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது.

முதலில் ஷூவுக்குள் எது கெடுகிறது என்று பார்த்துவிடுவோம். காலை மூடுகிற மேல்பகுதியைத் தொழிலில் அப்பர் என்போம். தரையைத் தொடுகிற ரப்பர் அவுட்சோல். இரண்டுக்கும் நடுவே தடிப்பாகத் தெரிகிற ஃபோம், மிட்சோல். கடையில் எல்லோரும் அப்பரைப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, தேய்ந்துவிட்டதா என்று அவுட்சோலைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆனால் ஓடும்போது அடியைத் தாங்குவது மிட்சோல். அதை யாரும் பார்ப்பதில்லை. ரப்பரில் கட்டம் கட்டமாக வரி அப்படியே இருக்க, உள்ளே ஃபோம் செத்துப்போன ஷூக்கள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தும் ஃபோமில் இன்னும் உயிர் இருக்கும் ஷூக்களும் உண்டு.

1970-களின் நடுவில் அமெரிக்காவின் புரூக்ஸ் நிறுவனம் வில்லனோவா என்ற ஓட்ட ஷூவில் எத்திலீன் வினைல் அசிடேட் என்ற ஃபோமைக் கொண்டுவந்தது. சுருக்கமாக ஈ.வி.ஏ. இன்றைக்கு நம் கடைகளில் கிடைக்கும் ஷூக்களில் பெரும்பாலானவற்றின் நடுவே இருப்பது அதுவோ அதன் கலப்போதான். குண்டூசித் தலையைவிடச் சிறிய காற்றறைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியவை, லட்சக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. கால் விழும்போது அறைக்குள் இருக்கும் காற்று அமுங்குகிறது, அறைச் சுவர் வளைகிறது. கால் எழும்போது இரண்டும் பழைய நிலைக்கு வருகின்றன. ஓடுகிறவரின் கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அதன்மேல் வருகிறது. 60 கிலோ எடையுள்ள பையன் என்றால் 120 முதல் 180 கிலோ. ஒரு கிலோமீட்டர் ஓட ஒரு கால் ஏறக்குறைய 500 முறை தரையைத் தொடுகிறது. நம் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை ஒருமுறை ஓடி வந்தால் ஒவ்வொரு ஷூவும் 7000 முறை அந்த எடையைத் தாங்கியிருக்கும். 50 சுற்று ஓடினால் 700 கிலோமீட்டர், மூன்றரை லட்சம் முறை. அதற்குள் அறைச் சுவர்கள் மடிந்து சுருக்கம் விழும், சில கிழியும், காற்று வெளியேறும். ஃபோம் அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிடும்.

எப்போது நிற்கும்? 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. 1985-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் குக், கெஸ்டர், புரூனே என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஷூக்களை இயந்திரத்தில் பொருத்தி, ஓடுவது போலவே இடிக்கவிட்டு, அதிர்வைத் தாங்கும் திறன் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார்கள். 80 கிலோமீட்டரிலேயே அது 75 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. 160 முதல் 240 கிலோமீட்டருக்குள் 67 விழுக்காடு. 400-ஐத் தாண்டியபின் 60-க்கும் கீழே. விலை அதிகமான ஷூ, குறைந்த ஷூ என்ற வேறுபாடு இந்தக் கணக்கில் தெரியவில்லை என்பதையும் அவர்கள் எழுதினார்கள். பணம் குறைவாக உள்ள பிள்ளைகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது. இயந்திரத்துக்குப் பதிலாக மனிதர்களை ஓடவிட்டும் அளந்தார்கள். அங்கே 800 கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஏறக்குறைய 70 விழுக்காடு மிஞ்சியிருந்தது. ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பைச் சொல்கிறேன். இயந்திரம் ஓயாமல் இடிக்கிறது. மனிதன் ஓடி முடித்துக் கழற்றி வைக்கிறான். அந்த இடைவெளியில் ஃபோம் ஆறுகிறது, ஓரளவு எழும்புகிறது. அதனால்தான் அந்த இடைவெளியில் நாம் ஷூவை என்ன செய்கிறோம் என்பதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அந்த நாள் ஃபோமைவிட இன்றைய ஃபோம் தேறியிருக்கிறது. எண்கள் கொஞ்சம் மாறலாம், ஃபோம் கெடுகிற வழி மாறவில்லை.

இனி வெயிலுக்கு வருகிறேன். நம் வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தை அமுங்கிப்போனால் மாடியில் வெயிலில் போட்டுத் தட்டுவோம், பஞ்சு எழும்பும். அந்தப் பழக்கத்தில் ஷூவையும் கொண்டுபோய் மொட்டை மாடியில் போடுகிறோம். ஃபோம் பஞ்சுக்கு நேர் எதிர். சூட்டில் அது இளகும். இளகிய நிலையில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் இறுகும். தொழிற்சாலையில் ஃபோமின் தரத்தைச் சோதிக்க, அதைப் பாதி கனத்துக்கு அழுத்தி 50 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்து எடுப்பது வழக்கம். மட்டமான ஃபோம் அதிலேயே எழும்பாமல் தங்கிவிடும். சித்திரை, வைகாசியில் நம் மொட்டை மாடித் தளத்தின் சூடு அந்த 50 டிகிரியை எளிதாகத் தாண்டும். தொழிற்சாலையில் ஒரே ஒரு முறை செய்யும் கடுமையான சோதனையை நாம் கோடை முழுவதும் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். கிராக்ஸ் வகைச் செருப்பு வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்து ஓரளவு சுருங்கிப்போனதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த ஈ.வி.ஏ. குடும்பம்தான்.

சூடு கெடுப்பது ஃபோமை மட்டுமல்ல. அப்பரையும் சோலையும் சேர்ப்பது பெரும்பாலும் சூட்டில் இளகிப் பிடிக்கிற பசை. தொழிற்சாலையில் சுமார் 60 டிகிரிக்குச் சூடேற்றித்தான் ஒட்டுகிறோம். ஒட்டிய பிறகு அதே சூட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பிடி தளராமல் என்ன செய்யும்? முன்விரலுக்குக் கீழே சோல் வாய் பிளக்கிறதே, அதில் பாதி இப்படி வந்ததுதான். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் ஓடி முடித்ததும் ஈர ஷூவை டிக்கிக்குள் போட்டு மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். கீழே இன்ஜின் சூடு, மேலே வெயில், உள்ளே வியர்வை ஈரம், காற்று கிடையாது. ஷூவுக்கு அதைவிடக் கேடான இடத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மதியம் வரை அங்கே வெந்த ஷூவைத்தான் மறுநாள் காலையில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

நிழலில் காயவையுங்கள். உள்ளே பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தையான இன்சோலை வெளியே எடுங்கள், லேஸைத் தளர்த்தி நாக்கை முன்னால் இழுத்துவிடுங்கள், உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாள் ஈரத்தைக் குடித்திருக்கும், எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். மின்விசிறிக் காற்று படுகிற இடத்தில் வைத்தால் மழையில் நனைந்த ஷூவும் மறுநாளைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். எடுத்துப் போகப் பிளாஸ்டிக் கவர் வேண்டாம், மஞ்சப்பை போதும். துணி வழியே காற்று போகும்.

துவைப்பதைப் பற்றிப் பெற்றோர்களிடமும் சொல்லுங்கள். அம்மாக்கள் பாசத்தோடு செய்கிற வேலை அது. மண் படிந்த ஷூவை ராத்திரி முழுவதும் சோப்புத்தூள் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துவைக்கும் கல்லில் வைத்துப் பிரஷ்ஷால் அடித்துத் தேய்த்து வெயிலில் போடுகிறார்கள். வெள்ளை ஷூ பளிச்சென்று வரும். ஆனால் ஊறிய தண்ணீர் ஒட்டுக்குள் இறங்கும், கடின பிரஷ் வலைத்துணியின் இழையைப் பிய்க்கும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வாஷிங் மெஷினும் வேண்டாம். செம்மண் சேறு காய்ந்த பிறகு இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மீதியை ஈரத்துணியாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் துடைத்தால் போதும். இன்சோலையும் லேஸையும் மட்டும் தனியே எடுத்து அலசுங்கள். வியர்வை உப்பும் நாற்றமும் தங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது, ஓடுவதற்கு வாங்கிய ஷூவை மற்ற வேலைக்குப் போடுவது. இதில்தான் நம் பிள்ளைகளின் ஷூ பாதி ஆயுளை இழக்கிறது. பைக் ஓட்டுகிறவரின் இடது ஷூவை எடுத்துப் பாருங்கள். கியர் மாற்றி மாற்றி முன்விரலின் மேற்பக்கம் கறுத்து, நைந்து, ஓட்டை விழுந்திருக்கும். கிக்கர் அடிக்கிற வலது ஷூவின் நடுப்பகுதி வளைந்திருக்கும். சிக்னலிலும் திருப்பத்திலும் காலை ஊன்றி இழுத்து, குதிகால் ரப்பர் ஒரு பக்கமாகச் சீவியிருக்கும். இவற்றில் ஒன்றுகூட ஓடியதால் வந்ததில்லை. கல்லூரிக்கும் அதே ஷூ, கல்யாணத்துக்கும் அதே ஷூ என்றால் நாள் முழுவதும் உடல் எடையில் ஃபோம் அமுங்கியே இருக்கிறது. காலின் சூடும் வியர்வையும் அதோடு சேர்கின்றன. ஆற நேரமே கிடைப்பதில்லை. ஆசை எனக்குப் புரிகிறது. வீட்டில் இருப்பதிலேயே அழகான காலணி அதுதான், நாலு பேர் பார்க்கப் போட்டுக்கொண்டு போக மனம் வரத்தான் செய்யும். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். மைதானத்துக்குச் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், ஷூவைப் பையில் கொண்டு வாருங்கள். மைதானத்தில் மாட்டுங்கள், மைதானத்திலேயே கழற்றுங்கள். இன்று நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கழற்றுகிற விதம் என்றேன். வீடு, கோயில், சில கடைகள் என்று நாம் வாசலில் காலணியைக் கழற்றிப் பழகியவர்கள். செருப்புக்கு ஏற்ற பழக்கம் அது. ஷூவிலும் அப்படியே லேஸை அவிழ்க்காமல், ஒரு காலின் நுனியால் மறு காலின் குதிகாலை மிதித்து உருவிவிடுகிறோம். மாட்டும்போது குதிகாலாலேயே பின்பக்கத்தை மடக்கி நுழைக்கிறோம். அந்தப் பின்பக்கத்துக்குள் கவுண்டர் என்று ஒரு விறைப்பான தகடு இருக்கிறது. குதிகாலை நேராகப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அது ஒருமுறை உடைந்து மடிந்துவிட்டால் தைத்தோ ஒட்டியோ சரிசெய்ய முடியாது. பிறகு குதிகால் ஒவ்வொரு அடியிலும் உள்ளே அசையும், உட்துணி கிழியும், கொப்புளம் வரும். ஃபோமில் பாதி ஆயுள் மிச்சமிருக்கும்போதே ஷூவைத் தூக்கி எறிய வேண்டி வரும். லேஸை அவிழ்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ அண்ணனோ நல்ல ஷூ வாங்கி அனுப்பியிருப்பார். தேர்வு நாளுக்கு ஆகும் என்று பெட்டியோடு பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். சில ஆண்டு கழித்து எடுத்து மாட்டினால், நூறு மீட்டர் போவதற்குள் சோல் புட்டு மாதிரி உதிரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த சோல்களில் ஒரு வகை, காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி வேதியியல் முறையில் அறுந்துபோகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது நடக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் சீக்கிரம் நடக்கும். தள்ளுபடிக் கடையில் வாங்கும்போதும் இதை மனதில் வையுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் ஷூவில், நாக்கின் உட்பக்கத்தில் தைத்திருக்கும் சிறிய துணி முத்திரையில் தயாரித்த காலம் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். வாங்கினால் ஓடுங்கள். சேமித்து வைக்கிற பொருள் அல்ல அது.

இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது பற்றி ஆசிரியர் ஒருவர் உள்ளே வரும்போதே கேட்டார். லக்சம்பர்க்கில் மாலிசூ என்பவரும் அவருடைய குழுவினரும் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்டதில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்த ஆய்வு அளந்தது காயத்தை, ஷூவின் ஆயுளை அல்ல. ஆயுளுக்கு வேறு காரணம் சொல்லலாம். ஒன்று ஓடும்போது மற்றது முழுதாகக் காய்கிறது, அதன் ஃபோமும் முழுதாக ஆறுகிறது. கையில் பணம் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வாங்கலாம். முடியாத பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. உங்கள் ஷூ பாதி ஆயுளைக் கடந்ததும் அடுத்ததற்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். புதியது வந்ததும் பழையதை எறியாமல், உடலைச் சூடேற்றும் மெதுவான ஓட்டத்துக்கும் மழை நாளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வேக ஓட்டம், நீண்ட ஓட்டம் இரண்டுக்கும் புதியது. இப்படிச் செய்தால் எப்போதும் கையில் இரண்டு இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டுக்குப் பணம் தேட வேண்டியதும் இல்லை. புல்லும் மண்ணும் நன்றாக உள்ள மைதானம் என்றால், கண்ணாடி, முள் இல்லையென்று பார்த்துவிட்டு, சில பயிற்சிகளை வெறுங்காலோடு செய்யலாம். ஷூவுக்கும் ஓய்வு, பாதமும் வலுப்படும்.

ஓடும்போது செய்யக்கூடியவை அதிகம் இல்லை. காலைத் தரையில் இழுத்து உரசி ஓடுகிறவர்களின் ரப்பர் சீக்கிரம் போகும். பயிற்சியாளர் பின்னால் நின்று காதால் கேட்டாலே சரசரவென்று தெரியும், திருத்திவிடலாம். கால் நகத்தை வெட்டுங்கள். பெருவிரலுக்கு மேலே வலைத்துணி கிழிவதற்கு நகம் ஒரு முக்கியக் காரணம். ஜல்லி துருத்திய தார்ச்சாலையைவிட மண்பாதை நல்லது. அவ்வளவுதான்.

பழுது பார்ப்பதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். சோலின் முனை லேசாகப் பிரிந்தால் அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். விட்டால் மண் உள்ளே போய், பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. ஃபெவிக்விக் போட்டு அழுத்துகிறார்கள். அது கண்ணாடி மாதிரி இறுகும், ஷூவோ ஒவ்வொரு அடியிலும் வளையும். நாலு நாளில் வெடித்துவிடும். காலணி தைக்கும் தொழிலாளர்கள் டின்னில் வைத்திருக்கிறார்களே மஞ்சளாக, ரப்பர் பசை, அதுதான் வளைந்துகொடுக்கும். இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் காயவிட்டுப் பிறகு ஒட்டி இறுகக் கட்டிவைக்க வேண்டும். உங்கள் தெருமுனையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அப்பரில் சுண்டுவிரல் பக்கம் கிழிந்தாலும் உட்பக்கம் துணி வைத்து அவர் தைத்துத் தருவார். ஆனால் சோலைச் சுற்றித் தையல் போட்டுத் தரட்டுமா என்று கேட்டால், இன்னும் ஓடப்போகிற ஷூவுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். நடக்கிற ஷூவுக்கு அது நல்ல வேலை. ஓடுகிற ஷூவில் ஊசித்துளை வரிசையிலேயே ஃபோம் கிழியும். தட்டையாகிப்போன இன்சோலை மாற்றலாம், குறைந்த செலவுதான். ஆனால் புது இன்சோல் போட்டதும் ஷூவே புதிதாகிவிட்டது போல மெத்தென்று இருக்கும். அந்த மெத்தை மேலே மட்டும். கீழே மிட்சோல் பழையபடிதான் இருக்கிறது.

ஏன் இதை எச்சரிக்கையாகச் சொல்கிறேன் என்றால், ஃபோம் செத்தது காலுக்குத் தெரிவதில்லை. 2009-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வந்த ஓர் ஆய்வில், 24 பேரைப் புது ஷூவோடு அளந்து, 320 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே ஷூவோடு மறுபடி அளந்தார்கள். தரையிலிருந்து வரும் விசையில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் பாதம் தரையில் தங்கும் நேரம் கூடியிருந்தது, உடல் சாயும் விதம் மாறியிருந்தது. ஷூ கொடுக்காததை உடம்பு தன் நடையை மாற்றி ஈடுகட்டிக்கொள்கிறது. ஓடுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஈடுகட்டுகிற வேலை போய் விழுவது தசையிலும் மூட்டிலும். ஷூவை நீண்ட நாள் உழைக்க வைக்கச் சொல்லும் நானே, செத்த ஷூவை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள் என்றும் சொல்கிறேன். 500 கிலோமீட்டரில் சாக வேண்டியதை 750 வரை கொண்டுபோவது பராமரிப்பு. செத்ததை 1000 வரை இழுப்பது காலைச் செலவழிப்பது.

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தேதியை இன்சோலுக்கு அடியில் பேனாவால் எழுதுங்கள். ஓடும் தூரத்தை நோட்டில் குறியுங்கள். 400 கிலோமீட்டரைத் தாண்டியதும் மாதம் ஒருமுறை சோதியுங்கள். ஷூவைச் சமமான மேசையில் வைத்துப் பின்னால் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஃபோம் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். மிட்சோலின் பக்கவாட்டில் குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்து, கையால் நீவினாலும் போகாமல் நின்றால் முடிவு நெருங்கிவிட்டது. பயிற்சியில் எந்த மாற்றமும் இல்லாமல் முழங்காலிலோ முன்னங்காலிலோ புதிதாக வலி வந்தால் முதல் சந்தேகத்தை ஷூவின்மேல் வையுங்கள். குதிகாலின் வெளியோரம் கொஞ்சம் தேய்வது பெரும்பாலானோருக்கு இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

விலை அதிகமான பந்தய ஷூவைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 நொடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை படைத்தபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூவின் எடை 138 கிராம். ஒரு பந்தயத்துக்கு என்றே செய்து 500 டாலருக்கு விற்றார்கள். அந்த ஃபோம் அற்புதமானது, ஆனால் நீண்ட நாள் உழைப்பதற்காகப் பிறந்ததில்லை. தினப் பயிற்சிக்கு அதைப் போலத் தோற்றம் உள்ள எதையும் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் என் மனதில் உள்ளது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு ஜோடி ஓட்ட ஷூவைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். 65 பாகங்கள், 360 செய்முறைப் படிகள், ஏறக்குறைய 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் பெரும்பங்கு தொழிற்சாலையில் செய்யும்போதே வெளியேறிவிடுகிறது. நம் மாவட்டத்துச் செய்யாறில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கி ஷூக்களைச் செய்கிறது. அங்கே வரிசையில் நின்று வெட்டுவதும் தைப்பதும் பசை தடவுவதும் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். இந்த அவையில் இருக்கும் பிள்ளைகளில் சிலருடைய அக்காவோ அம்மாவோ அங்கே வேலைக்குப் போகலாம். அத்தனை கைகள் சேர்ந்து செய்த பொருள் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வெந்து சாவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி மைதானத்தின் ஓரத்தில், கூரை நிழலில், காற்று வருகிற இடமாகப் பார்த்து ஒரு மரத்தட்டு அடித்துக்கொடுங்கள். ஓடி முடித்த பிள்ளைகள் ஷூவை அங்கே வைத்துவிட்டு வகுப்புக்குப் போகட்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே ஷூ வாங்கிய மாதத்தை எழுதி ஒரு பதிவேடு வையுங்கள். யாருடையது முடியப்போகிறது என்று இரண்டு மாதம் முன்பே தெரிந்தால், உதவி கேட்க வேண்டிய இடத்தில் கேட்க உங்களுக்கு அவகாசம் இருக்கும். பையனும் கிழிந்ததை மறைத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

அந்த மேசையில் நான்கு பழைய ஷூக்களை நீளவாக்கில் அறுத்து வைத்திருக்கிறேன். இரண்டு நிழலில் காய்ந்தவை, இரண்டு மாடி வெயில் பார்த்தவை. பாத வளைவுக்குக் கீழே ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பிறகு முன்பாதத்துக்குக் கீழே அழுத்துங்கள். வேறுபாடு கைக்கே தெரியும். ஆக்சா பிளேடும் வைத்திருக்கிறேன். முடிந்துபோன ஷூ கொண்டு வந்தவர்கள் வரிசையாக வாருங்கள், அறுத்துப் பார்த்துவிடலாம்.